மிருகம், முத்திரை, பாபிலோன்: வெளிப்படுத்தலை இன்றைய சமுதாயத்துக்குப் பொருத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் வெளிப்படுத்தின விசேஷத்தை எடுத்ததிலிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போது, கல்யாணப் பந்தியில், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் என்று எங்கேயும் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். நான் போதகர் இல்லை, இந்தப் புத்தகத்தை நெடுநாளாக வாசித்து வருகிறவன். கத்தோலிக்க நண்பர்கள் 'திருவெளிப்பாடு' என்று வைத்துக்கொள்ளலாம். அதிகார எண்கள் ஒன்றுதான்.

"வெளிப்படுத்தல்னா இனிமே நடக்கப்போறதைச் சொல்ற புத்தகம்தானே பிரதர்? அதை எதுக்கு இப்ப இருக்கிற சமுதாயத்தோட போட்டுக் குழப்பணும்?"

அடிப்படையில் அது ஒரு கடிதம். முதல் அதிகாரத்திலேயே, ஆசியாவிலுள்ள ஏழு சபைகளுக்கு யோவான் எழுதுவதாகச் சொல்லிவிடுகிறது. அந்த ஆசியா என்பது ரோமர்களின் ஒரு மாகாணம், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி. எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா ஆகிய ஏழும் மனிதர்கள் கடை வைத்துப் பிழைத்த ஊர்கள். சிமிர்னா இன்று இஸ்மிர் என்ற பெரிய துறைமுக நகரம். தங்கள் ஊர்ச் சந்தையையும் கோயில் விருந்தையும் அரசாங்கத்தையும் எந்தக் கண்ணோடு பார்ப்பது என்று அந்த மக்களுக்குச் சொல்லத்தான் கடிதம் போனது.

வருங்காலம் அதில் உண்டு. நியாயத்தீர்ப்பும் புதிய வானமும் புதிய பூமியும் இருக்கின்றன. ஆனால் கையில் வாங்கியவர்களுக்கு ஒன்றுமே விளங்காமல், இரண்டாயிரம் வருஷம் கழித்துப் பிறக்கிறவர்களுக்கு மட்டும் விளங்கட்டும் என்று யாராவது கடிதம் எழுதுவார்களா? ஆகவே ஒரு அடையாளம் அன்றைய எபேசுக்காரருக்கு எதைக் காட்டியது என்று முதலில் பார்க்கிறேன். அதே காரியம் இன்று எங்கே நடக்கிறது என்று அப்புறம் தேடுகிறேன். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த வரிசையில்தான் போகும்.

"யார் எழுதினது, எப்ப எழுதினது? அது முக்கியமா?"

முக்கியம்தான். எழுதியவர் பத்மு தீவில் இருந்த யோவான். சபை மரபு அவரை அப்போஸ்தலர் யோவான் என்கிறது. 3-ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் பேராயர் தியொனீசியு, கிரேக்க நடையை வைத்து, இவர் வேறொரு யோவானாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். காலத்தைப் பொறுத்தவரை, தொமித்தியான் சக்கரவர்த்தி ஆட்சியின் கடைசிப் பகுதி, அதாவது கி.பி. 95-ஐ ஒட்டி என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு. சிலர் 60-களின் இறுதி என்கிறார்கள். எதை ஏற்றாலும் பின்னணியில் நிற்பது ரோமாபுரிதான்.

"அப்படின்னா 'ரோம் அரசாங்கம் கெட்டது'ன்னு நேரா எழுதிட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு ஏழு தலை, பத்துக் கொம்பு?"

மாட்டிக்கொள்வோம் என்ற பயம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பதினேழாம் அதிகாரத்தில் 'ஏழு மலைகள்மேல் உட்கார்ந்திருக்கிற நகரம்' என்று எழுதியவர் பெரிதாக ஒளித்தார் என்று சொல்ல முடியாது. ஏழு குன்றுகளின் ஊர் எது என்று அன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏழு குன்றுகள்மேல் ரோமா தேவி சாய்ந்திருக்கும் படம் வெஸ்பாசியன் காலத்து நாணயத்திலேயே உண்டு.

பெரிய காரணம் வேறு. அந்த மாகாணத்தில் ரோமை வெறுத்தவர்கள் குறைவு. சாலை, துறைமுகம், கடல் கொள்ளையரிடமிருந்து பாதுகாப்பு எல்லாம் ரோம் கொடுத்தது. கி.மு. 29-இலேயே அகுஸ்து சக்கரவர்த்திக்குக் கோயில் கட்ட பெர்கமு அனுமதி வாங்கியது. எபேசில் தொமித்தியான் குடும்பத்துக்குப் பெரிய கோயில் எழும்பியது. அழகான பளிங்கையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு 'இது அநியாயம்' என்ற வாக்கியம் உறைக்காது. அதனால் தானியேல் புத்தகத்தில் வரும் மிருகங்களை எடுத்து, அந்தப் பளிங்குக்குப் பின்னால் இருப்பது இதுதான் என்று யோவான் காட்டுகிறார்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு படம் வைக்கிறார். ஐந்தாம் அதிகாரத்தில் யூதாவின் சிங்கம் ஜெயித்தது என்று காதில் கேட்கிறார். திரும்பிப் பார்த்தால் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி, அதாவது சிலுவையில் மாண்ட இயேசு, நிற்கிறது. இந்த இடத்தை மறந்துவிட்டு மற்ற அடையாளங்களுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கொஞ்ச தூரத்தில் சிங்கத்தின் பக்கம் சேர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

"666 யாரு? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

13-ஆம் அதிகாரம் மிருகத்துக்குக் கொடுக்கும் எண் அது. ரோமச் சக்கரவர்த்தி நீரோவாக இருக்க வாய்ப்பு அதிகம். எபிரெய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. 'நீரோன் கேசர்' என்பதை எபிரெயத்தில் எழுதிக் கூட்டினால் 50, 200, 6, 50, 100, 60, 200 என்று 666 வரும். சில பழைய கைப்பிரதிகளில் 666-க்குப் பதில் 616 இருக்கிறது. லத்தீன் உச்சரிப்பைப் போலக் கடைசி 'ன்' இல்லாமல் 'நீரோ' என்று எழுதினால் 50 குறைந்து சரியாக 616 வந்துவிடும். இரண்டு எண்ணுக்கும் ஒரே பெயர் பொருந்துவதால்தான் இந்த விளக்கத்துக்கு இவ்வளவு பலம்.

பெயரைக் கண்டுபிடித்தவுடன் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நீரோ இறந்தது 68-இல். 95-இல் எழுதுகிறவர் அவன் பெயரை ஏன் இழுக்கிறார்? இப்போது ஆளுகிறவனிடத்திலும் அதே ஆவிதான் இருக்கிறது என்று சொல்வதற்கு. அப்படிப் பார்த்தால் அந்த எண் ஒரு மாதிரியைக் காட்டுகிறது. தன்னைக் கும்பிடச் சொல்கிற அதிகாரம் எங்கே எழும்பினாலும் அந்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

"ஆதார் கார்டு, பார்கோடு, கொரோனா ஊசி... இதுல எதுதான் முத்திரை? நான் ஊசி போட்டுட்டேன், எனக்குப் பயமா இருக்கு."

பயப்பட வேண்டாம். 13-ஆம் அதிகாரத்தில் வலது கையிலோ நெற்றியிலோ முத்திரை விழுகிறது, அது இல்லாதவன் வாங்கவும் விற்கவும் முடியாது. 14-ஆம் அதிகாரம் அந்த முத்திரையை மிருகத்தை வணங்குவதோடு சேர்த்தே பேசுகிறது. தெரியாமல், ஏமாந்து, கியூவில் நின்று அதை வாங்கிவிட முடியாது. அடுத்த பக்கத்திலேயே ஆட்டுக்குட்டியானவரைச் சேர்ந்தவர்களின் நெற்றியிலும் ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அதை நாம் யாரும் பச்சை குத்திய எழுத்து என்று நினைப்பதில்லை. உபாகமம் 6-இல் கட்டளைகளைக் கையிலும் கண்களுக்கு நடுவிலும் கட்டச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய செயலும் சிந்தனையும் யாருக்குச் சொந்தம் என்பதுதான் அங்கே கேள்வி.

கடையில் பார்கோடு முதன்முதலாக ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், ஒரு சூயிங்கம் பாக்கெட்டில். அதிலுள்ள நீளக் கோடுகள் 666 என்று அப்போது பரவிய பயம் இன்னும் ஓயவில்லை. அந்தக் கோடுகள் எந்த எண்ணையும் குறிப்பதில்லை. எங்கே ஆரம்பம், எங்கே நடு, எங்கே முடிவு என்று கருவிக்குக் காட்டும் எல்லைக் கோடுகள், அவ்வளவுதான்.

அதே சமயம், வசனத்தில் இருக்கும் உண்மையான கேள்வியைத் தொலைத்துவிடவும் கூடாது. தியத்தீரா போன்ற ஊர்களில் தொழில் செய்ய வேண்டுமானால் கைவினைஞர் சங்கத்தில் இருக்க வேண்டும். சங்க விருந்து என்றால் ஏதாவது தெய்வத்துக்குப் படைத்த இறைச்சி இருக்கும். போகாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும். தலை வணங்காத ஒரே காரணத்துக்காகச் சந்தையை விட்டு ஒருவரை வெளியே தள்ளும் ஏற்பாடு இன்று எங்கே இருக்கிறது, நான் அதில் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று கேளுங்கள். சாதியைப் பார்த்து வாடகைக்கு வீடு கொடுக்காத விசுவாசி ஊசியில் முத்திரை தேடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

"அந்திக்கிறிஸ்து எந்த நாட்டிலிருந்து வருவான்?"

அந்தச் சொல் வெளிப்படுத்தலில் ஒரு இடத்திலும் இல்லை. யோவானின் முதல், இரண்டாம் நிருபங்களில் மட்டும் வருகிறது. அங்கேயும் 'அநேக அந்திக்கிறிஸ்துகள்' ஏற்கெனவே இருக்கிறார்கள், அவர்கள் நம்மைவிட்டுப் பிரிந்து போனவர்கள் என்றே சொல்கிறது. நாடு தேட வேண்டியதில்லை.

"மகா பாபிலோன் எது? அமெரிக்கா, ஐரோப்பிய யூனியன், வத்திக்கான்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களே?"

17, 18-ஆம் அதிகாரங்களில் வேசியாகச் சித்திரிக்கப்படும் நகரத்தின் பெயர் அது. அன்றைய பதில் ரோம். 1 பேதுரு கடைசியிலும் ரோமைத்தான் பாபிலோன் என்று குறிப்பிடுகிறது. எருசலேமின் முதல் ஆலயத்தை இடித்தது பாபிலோன், இரண்டாவது ஆலயத்தை 70-இல் எரித்தது ரோம். பெயர் பொருந்திப்போனதில் ஆச்சரியம் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலமும் தனக்குப் பிடிக்காதவர் தலையில் அந்தப் பெயரை ஏற்றியிருக்கிறது. 1522 செப்டம்பரில் வந்த, சபைச் சீர்திருத்தத் தலைவர் லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், ஓவியர் லூக்காஸ் கிரானாக்கின் பட்டறை வரைந்த பாபிலோன் ஸ்திரீயின் தலையில் போப்பின் மூன்றடுக்குக் கிரீடம் இருந்தது. எதிர்ப்புக் கிளம்ப, டிசம்பர் பதிப்பில் படம் அச்சடிக்கும் மரக்கட்டையைச் செதுக்கிச் சாதாரணக் கிரீடமாகக் குறைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே பதிப்பின் முன்னுரையில் லூத்தரே இந்தப் புத்தகம் தன் மனதுக்கு ஒட்டவில்லை என்றுதான் எழுதியிருந்தார்.

நான் எந்த நாட்டின் பெயரையும் எழுதமாட்டேன். 18-ஆம் அதிகாரம் "என் ஜனங்களே, அவளைவிட்டு வெளியே வாருங்கள்" என்கிறது. வெளியே வரச் சொன்னால் அவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? பாபிலோன் எப்போதும் வேறொரு நாடு என்று சொல்லும் விளக்கம் இந்த வசனத்தில் தடுக்கி விழுகிறது.

"வேசின்னு சொல்லியிருக்கே. அப்ப அது ஆபாசம், சினிமா, பொண்ணுங்க டிரஸ் இதைப் பத்தித்தானே?"

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் ஆண்கள்தான் கேட்கிறார்கள். பழைய தீர்க்கதரிசிகள் இரண்டு அந்நிய நகரங்களை வேசி என்று திட்டியதைப் பாருங்கள். ஏசாயா 23-இல் தீரு, கப்பல் வியாபாரத்தில் கொழுத்த ஊர். நாகூம் 3-இல் நினிவே, ரத்தம் சிந்திய சாம்ராஜ்யத்தின் தலைநகர். இரண்டு இடத்திலும் பேச்சு பணமும் படையும் பற்றியது. வெளிப்படுத்தல் 18-உம் அதே பாதையில் போகிறது. அவளோடு கூடியவர்கள் ராஜாக்கள், அவளால் பணக்காரர் ஆனவர்கள் வர்த்தகர்கள்.

பாலியல் ஒழுக்கம் இந்தப் புத்தகத்துக்கு வெளியே என்று நான் சொல்லவில்லை. 9-ஆம் அதிகாரத்திலும் 21-ஆம் அதிகாரத்திலும் பாவப் பட்டியல் உண்டு, விபசாரம் இரண்டிலும் இருக்கிறது. ஆனால் 21:8-இல் பட்டியலின் தலைப்பில் நிற்பவர்கள் பயப்படுகிறவர்கள், கடைசியில் நிற்பவர்கள் பொய்யர். நடுவில் உள்ள ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வருஷம் முழுக்கப் பிரசங்கம் செய்ய முடிகிறதென்றால், இரண்டு முனையையும் வசதியாக விட்டுவிட்டோம்.

ஒரு பெண்ணின் உடலை வைத்து ஒரு சாம்ராஜ்யத்தின் அழிவைச் சித்திரிப்பது இன்று வாசிக்கும் பெண்கள் பலருக்கு வலிக்கிறது. அதை அவர்கள் சொல்லும்போது 'அது உவமைதானே அக்கா' என்று வாயை அடைக்காதீர்கள். பழைய தீர்க்கதரிசிகளின் மொழி அது, அந்த மொழிக்கு ஒரு விலை உண்டு.

"அப்படின்னா பாபிலோனோட பாவம் இன்னைக்கு எங்க இருக்கு? ஒரு உதாரணம் சொல்லுங்க."

18:12, 13-ஐ எடுத்து மெதுவாக வாசியுங்கள். அவசரமாகத் தாண்டிப்போகும் இரண்டு வசனங்கள். ரோமாபுரிக்கு வரும் சரக்குகள் 28, வரிசையாக. பொன், வெள்ளி, இரத்தினம், முத்து, மெல்லிய துணி, பட்டு, தந்தம், வாசனைப்பொருள், எண்ணெய், கோதுமை, ஆடுமாடு, குதிரை, இரதம் என்று போய்க் கடைசியில் அடிமைகள், மனுஷருடைய ஆத்துமாக்கள். விலைப் பட்டியலின் வாலில் மனித உயிர். சட்டப்படி அன்று அது குற்றமே இல்லை.

அந்த முத்துகளில் நம் கடலிலிருந்து போனவையும் உண்டு. அதே முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய கடல்வழிக் குறிப்பேடு, பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளை முத்துக்குளிக்க இறக்கினார்கள் என்று போகிற போக்கில் சொல்கிறது. ரோமாபுரிச் சீமாட்டியின் காதில் முத்து மட்டும் மின்னியது, மூச்சடக்கி இறங்கியவன் அங்கே யாருக்கும் தெரியாது. யோவான் அந்தப் பட்டியலில் அவனையும் ஒரு சரக்காகச் சேர்த்து எழுதியதால்தான் அவன் தெரிகிறான்.

இன்றைக்கு வருவோம். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டுக் கடைகளுக்கு உடை தைத்த தொழிலாளர்கள். முந்தின நாளே சுவரில் வெடிப்பு தெரிந்தது. கீழ்த்தளத்துக் கடைகளையும் வங்கியையும் மூடினார்கள், தையல்காரர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கட்டாய உழைப்பிலும் கட்டாயத் திருமணத்திலும் சுமார் 5 கோடிப் பேர் சிக்கியிருக்கிறார்கள். நல்ல துணி, கடைசியில் மனித உயிர். பட்டியலின் வரிசைகூட மாறவில்லை.

"கொரோனா, உக்ரைன் போர், 2004 சுனாமி எல்லாம் அந்த நாலு குதிரைதானே? பாவம் பெருகினதால வந்த தண்டனைதானே?"

ஆறாம் அதிகாரத்தில் வரும் அந்தக் குதிரைகளைத் தனித்தனியாகப் பாருங்கள். வெள்ளைக் குதிரைக்காரன் ஜெயிக்கப் புறப்படுகிறான், சிவப்பு பூமியிலிருந்து சமாதானத்தை எடுத்துப்போடுகிறது, கறுப்பு தராசோடு வருகிறது, மங்கின நிறக் குதிரையில் மரணம். படையெடுப்பும் போரும் பஞ்சமும் சாவும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை மனித சரித்திரம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறது. கறுப்புக் குதிரையைப் பற்றிய வசனத்தில் ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமை என்று விலை வருகிறது. ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி, ஒரு படி என்பது ஒரு ஆளின் ஒரு நாள் தீனி. குடும்பம் பட்டினி. உடனே அடுத்த வரி, எண்ணெயையும் திராட்சரசத்தையும் சேதப்படுத்தாதே என்கிறது. ஏழையின் சோறு விலை ஏறும்போது வசதியானவன் வீட்டுப் பொருளுக்குப் பாதுகாப்பு. இதைவிடத் துல்லியமான பொருளாதார விமர்சனத்தை நான் வேதத்தில் அதிகம் பார்த்ததில்லை.

தண்டனை என்ற பேச்சுக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் வேளாங்கண்ணிக் கரையில் திருப்பயணிகளும் இறந்தார்கள். எந்தப் பாவத்துக்கு? சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டிருக்கிறார். செத்தவர்கள் மேல் குற்றம் சுமத்துவதற்கு இந்தக் குதிரைகளை ஓட்டக்கூடாது.

"எப்படி இருந்தாலும் உலகம் முன்னைவிடக் கெட்டுப்போச்சுன்னு ஒத்துக்கத்தானே வேணும்?"

சில விஷயத்தில் கெட்டிருக்கிறது, சிலவற்றில் தேறியிருக்கிறது. முந்தின பதிலுக்கு முந்தினதில் சொன்ன அடிமைச் சந்தை அன்று சட்டபூர்வமானது, இன்று எந்த நாடும் அதை வெளிப்படையாக நியாயப்படுத்தத் துணியாது. 590-இல் போப் ஆன கிரெகொரி, கொள்ளைநோயையும் லொம்பார்டியர் படையெடுப்பையும் பார்த்து உலகம் முடியப்போகிறது என்று நம்பினார். அவருக்கு முன்னும் பின்னும் அப்படி நம்பாத தலைமுறை அபூர்வம். 'எங்கள் காலத்தில் எல்லாரும் ஒழுங்கு' என்று பேசுகிறவர்கள், அந்தக் காலத்தில் கோயிலிலேயே சாதிவாரியாக உட்கார்ந்ததை மறந்துவிடுகிறார்கள்.

"ஏழு சபைன்னா ஏழு சபைக் காலம், நாம கடைசியா லவோதிக்கேயாக் காலத்துல இருக்கோம்னு எங்க பாஸ்டர் சொல்றார். சரியா?"

ஏழு சபைகளைச் சபைச் சரித்திரத்தின் ஏழு காலங்களாகப் பிரிக்கும் விளக்கம் பலருக்குப் பழக்கமானது. 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்புரை வேதாகமம் அதை வீடு வீடாகக் கொண்டுபோனது. வசனத்தில் அப்படி ஒரு குறிப்பு இல்லை. மேலே சொன்னபடி இவை ஒரே சமயத்தில் இருந்த ஏழு ஊர்கள்.

ஆனாலும் லவோதிக்கேயா நமக்குத்தான் என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன், காரணம்தான் வேறு. அது வங்கியும் கறுப்பு ஆட்டுமயிர்த் துணியும் கண் மருந்தும் இருந்த பணக்கார ஊர். 60-இல் நிலநடுக்கத்தில் இடிந்தபோது, ரோமின் உதவியை வாங்காமல் தன் காசிலேயே எழுந்துகொண்டது என்று ரோம வரலாற்றாசிரியர் தாசித்து எழுதுகிறார். "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று அந்தச் சபை சொன்னதாக 3:17-இல் வருவது சும்மா வரவில்லை. கண் மருந்து விற்ற ஊரைப் பார்த்துக் குருடு என்றும், துணி விற்ற ஊரைப் பார்த்து நிர்வாணம் என்றும் சொல்கிறார்.

ஏழில் கண்டிப்பே இல்லாதவை இரண்டு, சிமிர்னாவும் பிலதெல்பியாவும். ஒன்று ஏழை, மற்றது பலம் குறைந்தது. "வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்ற வசனத்தை நாம் காலண்டரில் அச்சடித்து வரவேற்பறையில் மாட்டுகிறோம். அது லவோதிக்கேயாவுக்குச் சொன்னது. சபை உள்ளே ஆராதனை நடத்துகிறது, கர்த்தர் வெளியே நிற்கிறார்.

"மிருகத்தின் சொரூபம் பேசும்னு போட்டிருக்கே. அது டிவியா, செல்போனா, இப்ப வந்த ஏஐயா?"

கருவியைப் பார்க்காமல், சொரூபத்தைப் பேச வைப்பது யார் என்று பாருங்கள். 13:11-இல் இரண்டாவது மிருகம் ஒன்று வருகிறது. ஆட்டுக்குட்டியைப் போல இரண்டு கொம்பு, பேச்சு வலுசர்ப்பத்தின் பேச்சு. அதற்குத் தனக்கென்று ஒரு லட்சியம் கிடையாது, முதல் மிருகத்தைக் கும்பிட வைப்பதுதான் அதன் முழுநேர வேலை. அன்று ஆசியாவில் ராஜ வழிபாட்டை நடத்திய உள்ளூர்ப் பெரியவர்களும் பூசாரிகளும் இந்த இடத்தில் இருந்தார்கள். ரோமிலிருந்து யாரும் வந்து கட்டாயப்படுத்தவில்லை, இவர்களே போட்டி போட்டுக் கோயில் கட்டினார்கள்.

ஆகவே சாதுவான முகத்தோடு வந்து, அதிகாரத்தையோ பணத்தையோ கும்பிடப் பழக்குகிற குரல் எதுவும் இங்கே பொருந்தும். விளம்பரமும் அரசியல் பிரச்சாரமும் மேடையில் நின்று தலைவருக்குக் காணிக்கை கேட்கிற ஊழியமும் அதில் அடங்கும். போன் வெறும் சாதனம்.

"இரகசிய வருகையில நாம முன்னாடியே எடுக்கப்பட்டுடுவோமே, அப்புறம் இதெல்லாம் நமக்கு எதுக்கு?"

சபை முதலில் இரகசியமாக எடுக்கப்படும், பிறகு ஏழு வருஷ உபத்திரவம் என்ற முழு அமைப்பை 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் பரப்பினார். 1 தெசலோனிக்கேயர் 4-இல் மேகங்களில் எடுத்துக்கொள்ளப்படுவது உண்டு. வெளிப்படுத்தல் 4:1-இல் "இங்கே ஏறிவா" என்று வருவதைச் சபை எடுக்கப்படுவதாகச் சிலர் படிக்கிறார்கள், ஆனால் அங்கே அழைக்கப்படுகிறவர் யோவான் ஒருவர்தான். இதை நம்புகிற நல்ல விசுவாசிகள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். 13:10 பரிசுத்தவான்களிடம் கேட்பது பொறுமையும் விசுவாசமும். இங்கே இல்லாதவர்களிடம் அதைக் கேட்க வேண்டியதில்லையே?

"யாராவது தேதி சொன்னா நம்பலாமா?"

வேண்டாம். அமெரிக்கப் போதகர் வில்லியம் மில்லரின் கூட்டத்தார் இயேசு வருவார் என்று 1844 அக்டோபர் 22-க்குக் காத்திருந்தார்கள், சிலர் பயிரை அறுக்காமலே விட்டார்கள். அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்ப்பிங் 2011 மே 21 என்றார், பிறகு அக்டோபர் 21 என்றார். அந்த நாளும் நாழிகையும் குமாரனுக்கே தெரியாது என்று மாற்கு 13 சொல்லும்போது யூடியூப்காரருக்குத் தெரிந்திருக்கும் என்று ஏன் நினைக்க வேண்டும்?

"ஆனா அநியாயம் பண்ற ஆட்சியைப் பார்த்து 'இது மிருகம்'னு தைரியமா சொல்லவே கூடாதா? நீங்க எல்லாத்தையும் மழுப்புற மாதிரி இருக்கே."

சொல்லலாம். சொன்னவர்கள் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்தபோது ஆலன் பூசாக் என்ற கறுப்பினப் போதகர் 1980-களில் இந்தப் புத்தகத்தை அந்த ஆட்சிக்கு எதிராக வாசித்தார். நிறவெறிக்கு இறையியல் ஆதாரம் தேடியது அந்த நாட்டின் வெள்ளையர் சபையே என்பதால், இரண்டாவது மிருகத்தைப் பற்றி மேலே சொன்னது அங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. அடிபடுகிறவர் பத்முவிலிருந்து எழுதிய புத்தகத்தை அடிபடுகிறவர்கள் எடுத்து வாசித்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. 1534-இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரத்தைப் பிடித்த ஒரு கூட்டம் அதையே 21-ஆம் அதிகாரத்தில் வானத்திலிருந்து இறங்கும் புதிய எருசலேம் என்று அறிவித்தது. மறுக்கிறவர்களைத் துரத்தியது. அதன் தலைவர் யான் வான் லெய்டன் ராஜாவாக முடிசூட்டிக்கொண்டு பல மனைவிகளை வைத்துக்கொண்டார். 1535-இல் நகரம் விழுந்தது. கொல்லப்பட்ட தலைவர்களின் உடல்களை வைத்த இரும்புக் கூண்டுகள் அங்கே தேவாலயக் கோபுரத்தில் இன்றும் தொங்குகின்றன. 1993-இல் அமெரிக்காவின் வேக்கோவில் ஐந்தாம் அதிகாரத்துப் புத்தகச் சுருளை மூடிய ஏழு முத்திரைகளைத் தன்னால் மட்டுமே திறக்க முடியும் என்ற குழுத் தலைவர் டேவிட் கொரேஷோடு பிள்ளைகளும் சேர்ந்து தீயில் மாண்டார்கள்.

இரண்டையும் பிரிக்க நான் வைத்திருக்கும் சோதனை எளிது. 'அவன் மிருகம்' என்று சொல்கிறவர் கையில் வாள் இருக்கிறதா, முதுகில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். அதிகாரத்தில் இருக்கிறவர், எண்ணிக்கையில் பெரும்பான்மையானவர், இன்னொரு மதத்தையோ இனத்தையோ மிருகம் என்று சொன்னால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

"இவ்வளவு ரத்தம், தீ, கந்தகம்... சத்துருவை நேசின்னு சொன்னவரோட புத்தகம் மாதிரியே இல்லையே?"

கேள்வி நியாயமானது, முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆறாம் அதிகாரத்தில் கொல்லப்பட்டவர்கள் "எதுவரைக்கும்" என்று கதறுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் 'பழிவாங்கும் எண்ணம் தப்பு' என்று பாடம் எடுக்க எனக்கு வாய் வராது. பழியை அவர்கள் தங்கள் கையில் எடுக்காமல் தேவனிடம் கொண்டுபோனார்கள் என்பதை மட்டும் கவனிக்கச் சொல்வேன்.

19-ஆம் அதிகாரத்து யுத்தத்தையும் கூர்ந்து பாருங்கள். வெள்ளைக் குதிரையில் வருகிறவரின் வஸ்திரம் சண்டை தொடங்கும் முன்பே இரத்தத்தில் தோய்ந்திருக்கிறது, அது அவருடைய இரத்தமே என்று பலர் விளங்கிக்கொள்கிறார்கள். பட்டயம் கையில் இல்லை, வாயிலிருந்து புறப்படுகிறது. அப்புறம் 21-இல் ஒரு புதிர். முன்னால் அழிந்ததாகச் சொன்ன பூமியின் ராஜாக்கள் புதிய நகரத்துக்குத் தங்கள் மகிமையைக் கொண்டுவருகிறார்கள், வாசல்கள் அடைக்கப்படுவதே இல்லை. எப்படி வந்தார்கள்? யோவான் விளக்கவில்லை.

"எப்படியும் தீக்கு இரையாகப்போற உலகத்துக்கு மரம் நடறது, குளம் வெட்டறது எல்லாம் வேஸ்ட்தானே?"

11:18-ஐ வாசியுங்கள். "பூமியைக் கெடுத்தவர்களைக் கெடுக்க" காலம் வந்தது என்கிறது. அழிவு யாருக்கு என்று அதில் தெளிவாக இருக்கிறது. 21-இல் நாம் மேலே போவதாக இல்லை, நகரம் கீழே இறங்கி வருகிறது. 22-இல் ஆறு ஓடுகிறது, கரையில் மரம் நிற்கிறது, அதன் இலைகள் ஜாதிகளின் ஆரோக்கியத்துக்கு. குளம் வெட்டுங்கள்.

"கூட்டத்துல போட்ட படத்தைப் பார்த்துட்டு எங்க பிள்ளை ராத்திரி தூங்கவே மாட்டேங்குது. அம்மா அப்பா காணாமப் போயிடுவாங்களோன்னு அழுது. என்ன பண்ண?"

இரகசிய வருகை நடந்து தன்னை விட்டுப் போய்விட்டார்களோ என்று பயந்து, பாதி இரவில் எழுந்து பெற்றோர் படுக்கையில் இருக்கிறார்களா என்று தடவிப் பார்த்த பிள்ளைகள் நம் சபைகளில் நிறைய. பெரியவர்களான பிறகும் வீடு காலியாக இருந்தால் ஒரு கணம் பதறுகிறவர்களை எனக்குத் தெரியும். பிள்ளைகளை மனந்திரும்ப வைக்கப் பயம் நல்ல வழி என்று நினைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

இன்று ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நான்காம், ஐந்தாம் அதிகாரத்தைக் கதையாகச் சொல்லுங்கள். வானவில் சூழ்ந்த சிங்காசனம், இறக்கை நிறையக் கண்களுள்ள ஜீவன்கள், நடுவில் ஆட்டுக்குட்டி. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், வரையவும் செய்வார்கள். அடுத்து 21, 22. குழி திறந்து வெட்டுக்கிளிகள் கிளம்பும் ஒன்பதாம் அதிகாரம் வளர்ந்த பிறகு போதும். அடுத்த தடவை சபையில் படம் போடுவதாக அறிவித்தால், என்ன படம், எந்த வயதுக்கு என்று முன்கூட்டியே பாஸ்டரிடம் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று யோசிக்க வேண்டாம், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் சிலரும் உங்களோடு சேர்ந்து கேட்பார்கள்.